அம்மா உட்கார வேண்டிய ஒரு மணி நேரம்

எங்கள் அம்மாவுக்கு உட்காரத் தெரியாது. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் அந்தக் காலத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சாட்சி சொல்லியிருப்பார்கள். மீன் அரிய அரிவாள்மனை முன்னால் குந்துவாள். அடுப்பு முன்னால் குந்துவாள். கோயிலில் முழந்தாளிடுவாள். ஆனால் முதுகைச் சாய்த்து, கையை மடியில் போட்டுக்கொண்டு, 'அப்பாடா' என்று அவள் உட்கார்ந்து எனக்குப் பத்தொன்பது வயது ஆகிறவரைக்கும் நான் பார்த்ததில்லை.

வார நாளில் பரவாயில்லை, ஊரில் எல்லா அம்மாவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையுமா? பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்கெல்லாம் எங்கள் சந்தே தூங்கும். துறைமுகத்து ஆட்களும் ரயில்வே ஆட்களும் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கடற்காற்றில் மல்லாந்து கிடப்பார்கள். நாய்கூடக் குரைக்காது. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் சரட் சரட்டென்று சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் காலையில் ஒரு தடவை தேய்த்த பாத்திரம்! அது முடிந்தால் அரிக்கேன் விளக்கின் கண்ணாடி. அதுவும் முடிந்தால் நைனாவின் வேலை உடுப்பு. நைனாவுக்கு இஞ்சின் ஷெட்டில் பிட்டர் வேலை. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறிய அந்த உடுப்பைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். திங்கட்கிழமை துவைத்தால் என்ன குடி முழுகிவிடும்? கேட்டால் உடுப்பின்மேல் தண்ணீர்தான் ஊற்றுவாள்.

நைனா எங்கே என்று கேட்பீர்கள். அவர் நாற்காலியில் இருப்பார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கித்தான் நாற்காலி, சாய்ந்து படுக்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் கால் நீட்டி, பேப்பரை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு கிடப்பார். பக்கத்திலே அம்மா குனிந்து தரையைக் கழுவுவாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். எனக்குக் கோபம் மூக்கின்மேல் என்று எங்கள் சந்தில் பேர். நான் வேறு கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவள். ஆண்டவருடைய நாளில் வேலையை விட்டு ஓய்ந்திருக்க வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் வீட்டிலேயே ஓய்வு முழுவதும் ஒருத்தருக்கு, வேலை முழுவதும் ஒருத்திக்கு!

அம்மாவுக்கு ஆண்டவருடைய பத்துக் கட்டளைகள் தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகத் தெரியும். அவசியமில்லாத வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்வது சாவான பாவம் என்று அவள் முழுசாக நம்பினாள். அதனால் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். ஞாயிறு காலைப் பூசையில் சுத்தமாக நன்மை வாங்குவாள், அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். மத்தியானம் மறுபடியும் சாம்பலும் கையுமாக உட்காருவாள். உட்காருவாள் என்றா சொன்னேன்? தப்பு, குந்துவாள்.

எங்கள் கோயில் பெரிய சாமியாருக்கு வயசாகிக் காது மந்தம். அவரிடம் பாவம் சொல்லுகிறவர்கள் கத்தித்தான் சொல்ல வேண்டும், அவரும் கத்தித்தான் பதில் சொல்வார். அடுத்தவர் பாவம் காதில் விழுவது மரியாதையா? அதற்காக எங்கள் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து செபமாலையை உரக்கச் சொல்லிக்கொண்டே நிற்பார்கள். சாமியார் சத்தம் ஏறினால் செபமாலைச் சத்தமும் ஏறும். வெளியூர்க்காரர் யாராவது வந்தால், இந்த ராயபுரத்துப் பெண்களுக்கு என்ன பக்தி என்று மூக்கின்மேல் விரல் வைப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் அம்மாவுக்கு இரண்டு பேர் பின்னால் நின்றிருந்தேன். செபமாலையில் பத்து மணி உருட்டி முடிந்து அடுத்த பத்து மணியைத் தொடங்குமுன் எல்லாரும் மூச்சு வாங்கிய நேரத்தில் சாமியாரின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"போன வாரமும் இதையேதானே சொன்ன?"

"ஆமா சாமி."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுவும் இதான் சாமி. பாத்திரம் தேச்சேன், துணி தொவச்சேன்."

"அடுத்த வாரமும் செய்வியா?"

அம்மா பொய் சொல்ல மாட்டாள். "செய்வேன் சாமி" என்றாள்.

செபமாலை அடியோடு நின்றுவிட்டது. யாருக்கு வாய் திறக்கும்?

"உனக்கு மந்திரம் சொல்லச் சொல்லி அபராதம் கொடுத்துப் பிரயோசனமில்லம்மா. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் உட்காரு. நாற்காலியில உட்காரு. கையில ஒண்ணும் இருக்கக் கூடாது. செபமாலைகூட வேண்டாம். அதுதான் உன் அபராதம்."

"ஒரு மணி நேரமா! சாமி, அதுக்கு பதிலா முட்டி போட்டுகினே சிலுவைப்பாதை பண்றேனே. இல்லாங்காட்டி பரங்கிமலைக்கு நடந்து பூட்டு வரேன் சாமி!"

"உட்காரும்மான்னா உட்காரு!"

அப்புறம்தான் யாரோ ஒருத்தி சுதாரித்துச் செபமாலையை மறுபடி பிடித்தாள். பாதிப் பெண்கள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். நானும் சிரித்தேன். அது நினைவுக்கு வரும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்து வீட்டு மீன்கார அக்கா, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் இந்து. புருஷன் கட்டுமரம் போகிறவன், ஆறு பிள்ளைகள்.

"இன்னாக்கா, ஒக்காரச் சொல்லி அபராதம் போட்டுட்டாராமே ஒங்க சாமியாரு? அய்யோ, எனக்கு அந்த மாரி ஒரு அபராதம் போட ஆள் இல்லியே! நான் அந்தப் பாவத்த டெய்லியும் செய்வேனே!"

சந்தே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அதற்கு நாலாவது ஞாயிறு என் தங்கைக்குப் புதுநன்மை, முதல் முதலாக நன்மை வாங்குகிற நாள். அவளுக்கு எட்டு வயது. வெள்ளைக் கவுன் தைத்து வந்தாயிற்று, தலையில் வைக்கப் பூவளையம் சொல்லியாயிற்று. எங்கள் கோயிலில் புதுநன்மை வாங்குகிற பிள்ளைக்கு ஒரு பக்கம் அம்மாவும் ஒரு பக்கம் அப்பாவும் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் முழந்தாளிட்டுக் கூடவே நன்மை வாங்குவார்கள். பக்கத்தில் அம்மா இல்லாத பிள்ளையைப் பார்த்தால், 'த்சொ, தாயில்லாப் புள்ள' என்று ஜனங்கள் பேசிக்கொள்ளும். அம்மாவோ, அபராதம் முடிக்காமல் நன்மை வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "அபராதத்த அப்பறம் கூட முடிச்சிக்கலாம்மா, நன்மை வாங்கறதுக்கு அது தடையில்ல, நான் படிச்சிகீறேன்" என்று தலையால் அடித்துக்கொண்டேன்.

"நீ சாமியாரா?" என்றாள்.

கையில் மூன்று ஞாயிறு. ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தீர்ந்தது. இதென்ன பெரிய காரியம் என்று நாங்கள் நினைத்தோம்.

முதல் ஞாயிறு நைனா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அம்மா உட்கார்ந்தாள். அலமாரி மேல் இருந்த அலாரம் கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டேன். நாலு நிமிஷம் ஆகவில்லை, மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று எழுந்தாள். எழுந்தவள் துடைப்பத்தை எடுத்தாள். துடைப்பம் எடுத்தவள் வீடு முழுக்கப் பெருக்கினாள். நடுவில் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும் என்று அவளே ஒரு சட்டம் வேறு போட்டுக்கொண்டாள். சாமியார் அப்படியெல்லாம் சொல்லவேயில்லை. அன்றைக்கு மூன்று தடவை உட்கார்ந்தாள், மூன்று தடவையும் எழுந்தாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா என்று மீன்கார அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

இரண்டாவது ஞாயிறு நான் கதவோரம் நின்று காவல் காத்தேன். உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் எப்படியோ ஒரு முறம் அரிசியை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து முறம் வந்தது? இன்றைக்கும் எனக்குத் தெரியாது! பிடுங்கினேன்.

"கை சும்மா இருந்தா தூக்கம் வந்துடுதுடீ" என்றாள்.

"வந்தா தூங்கேன்! யாரு வாணான்னது?"

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள். அந்தப் பார்வையைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். நான் எங்கே கேட்டேன், 'எக்கேடோ கெட்டுப் போ' என்று கத்திவிட்டு முறத்தைத் தூக்கி எறிந்தேன். வீடெல்லாம் அரிசி. அதையும் அவளேதான் பொறுக்கினாள்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் செபமாலையையும் மீறி, "இன்னுமா உட்காரல!" என்று சாமியார் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போது தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா வராங்காட்டி என் பக்கத்துல யாரு முட்டி போடுவாங்க?" அம்மா அவளுக்குச் சோறு போட்டாள், ஏற்கெனவே போட்ட சோற்றின்மேலேயே போட்டாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். யாரிடம் காட்டுவது? நைனாவிடம் காட்டினேன்.

"எல்லாம் ஒன்னாலதான் நைனா. வாரத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீ அந்த நாற்காலிய வுட்டு எய்ந்து அம்மாவுக்கு ஒத்தாச பண்ணியிருந்தா, அவங்களுக்கு ஒக்காந்து பயக்கம் இருந்துருக்கும். நீ ஹாயா பட்துகினு கீற. அவங்க சாவறாங்க."

வீட்டில் யாரும் நைனாவிடம் அப்படிப் பேசியதில்லை. அறை விழும் என்றுதான் நினைத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கி இன்னா பண்ணணும், சொல்லு" என்றார். கோபமே இல்லாத குரல். எனக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு. இதை விட்டால் அடுத்த ஞாயிறு புதுநன்மை. பூசையிலிருந்து வந்ததும் நைனா வேட்டியை மடித்துக் கட்டி அடுப்படிக்குள் போய்விட்டார். ஷெட்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்தபோது பழகிய சமையல். வஞ்சிரக் குழம்பு வைத்தார். உப்பு அதிகம், புளி அதைவிட அதிகம். அம்மா அதையும் வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் மீன்கார அக்கா ஒரு பெரிய கூடையோடு வந்து, எச்சில் பாத்திரம், நல்ல பாத்திரம், கரண்டி, முறம், துடைப்பம், சாம்பல் சட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். முந்தின நாளே நானும் அவளும் பேசி வைத்தது.

"இப்ப இன்னாத்த தேய்ப்ப? செவுத்த தேய்ப்பியா?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டு, யாராவது விருந்தாளி வந்தால் திருப்பி அனுப்ப எங்கள் வாசலிலேயே குந்திக்கொண்டாள்.

நைனா துண்டால் நாற்காலியைத் தட்டினார். "ஒக்காரும்மே."

அம்மா உட்கார்ந்தாள். அடுத்த ஸ்டாப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கப் போகிறவள் மாதிரி விளிம்பில் உட்கார்ந்தாள். "சாஞ்சிக்க" என்றேன். சாய்ந்தாள். தங்கை தரையில் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். நைனா சுவரோரம் நின்றார்.

ஐந்து நிமிஷம். மடியில் இருந்த கைகள் ஒன்றையொன்று பிசைந்தன. பத்து நிமிஷம். சந்து அடங்கிவிட்டது. தூரத்தில் துறைமுகத்துப் பக்கம் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கைகள் நின்றன. அம்மாவின் கண் சொக்கியது. தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஆண்டவரே, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"புள்ள! ஐயோ, புள்ள எங்க?"

அலறிக்கொண்டு எழுந்துவிட்டாள். கண் திறந்திருக்கிறது, எங்களைப் பார்க்கவில்லை. கை மடியில் எதையோ தேடியது. தங்கை பயந்துபோய், "இங்கதாம்மா கீறேன், இங்கதான்" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவளை வாரி எடுத்து மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு!

நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகி, பிறகு எல்லாரும் திரும்பி வந்த சமயம், ஒரு வயது முடியுமுன் ஜுரத்தில் போய்விட்டான். எனக்கு அப்போது ஐந்தாறு வயது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசியதில்லை, கல்லறைத் திருநாளன்று மட்டும் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்குவார்கள்.

"ஒக்காந்தா தூக்கம் வரும்" என்றாள் அம்மா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "தூங்கினா புள்ள பூடும். அன்னிக்கும் ஞாயித்துக்கெயமதான். இதே மாரி மத்தியானம். சாப்ட்டுட்டு செத்த நேரம் ஒக்காந்தேன். கண்ண அசந்துட்டேன். எய்ந்து பாத்தா புள்ள சில்லுனு கீது. தூங்காம இருந்திருந்தா ஒரு வாய் தண்ணியாவது ஊத்தியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடியிருப்பேன். தூங்கிட்டேனே. பெத்தவ தூங்கிட்டேனே."

என்னென்ன பேசியிருக்கிறேன் நான்! வந்தால் தூங்கேன் என்று எவ்வளவு சுளுவாகச் சொன்னேன்!

நைனா கிட்டே வந்தார். அம்மாவின் தோளைப் பிடித்து மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார வைத்துவிட்டுத் தரையில் அவள் முன்னால் மண்டி போட்டார். நைனா கோயிலுக்கு வெளியே மண்டி போட்டு நான் பார்த்ததில்லை.

"நீ மூணு ராத்திரி கண்ணு மூடலமே" என்றார். "புள்ளய தோள்ல போட்டுகினே நடந்துகினு இருந்த. ஜப்பான்காரன் சண்ட நேரம், ஷெட்ல லீவே குடுக்கல. அந்த ஞாயித்துக்கெயமதான் நான் வூட்ல இருந்தேன். நான்தான ஒன்ன ஒக்கார வெச்சேன்? நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்னு சொல்லி புள்ளய ஒன் கையிலேந்து வாங்கினது யாரு? நான்தான? மடியில வெச்சிகினு செவுத்துல சாஞ்சேன். சாஞ்சவன் தூங்கிட்டேன். அவன் என் மடியிலதான்மே போனான். நீ எப்டிமே பாவியாவ? பாத்துக்கறேன்னு சொன்னவன் நானு."

அம்மா அவரையே பார்த்தாள்.

"ஒங்கள நான் ஒரு நாளும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

"அதாம்மே." நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த திட்டியிருக்கலாம். ஒரு நாளாவது திட்டுவன்னு பாத்துகினே இருந்தேன். நீ பாத்திரத்த தேச்ச. நான் மட்டும் இன்னா, அந்த நாற்காலில தூங்கினேன்னா நென்ச்ச? கண்ண மூடினா அவன் மூஞ்சிதான். கண்ணுல தண்ணி வந்து அய்தா புள்ளைங்க பாத்துடும்னு பேப்பர போட்டுப்பேன்."

முந்தின நாள் ராத்திரி 'ஹாயா பட்துகினு கீற' என்று அந்த மனுஷனைச் சொன்ன வாய் என் வாய்தான். இத்தனை வயதுக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்தார், அம்மா அவர் தலையில் கையை வைத்தாள். தங்கை ஒன்றும் புரியாமல் எல்லாரையும் விட ஓங்கி அழுதாள்.

வாசலில் குந்தியிருந்த மீன்கார அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். யாரோ என்னவோ என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள் போலிருக்கிறது. "ஒண்ணுமில்ல, போ போ, அவங்க வூட்ல பூசை நடக்குது" என்று விரட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அவனைப் பற்றிப் பேசினார்கள். முதல் பல் எப்போது முளைத்தது, இஞ்சின் ஊதினால் எப்படிக் கை தட்டுவான், நைனாவின் மீசையைப் பிடித்து எப்படித் தொங்குவான். நான் அறியாத ஒரு தம்பி அந்த மத்தியானம் எங்கள் வீட்டுக்குள் தவழ்ந்து வந்தான். அம்மா ஒரு இடத்தில் சிரித்தாள்கூட. தங்கைதான் திடீரென்று கடிகாரத்தைக் காட்டினாள். "யக்கா, மணி நாலாவப் போவுது!" எழுந்து மறுபடி உட்கார்ந்த கணக்கில் பார்த்தாலும் ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. யாருமே பார்க்கவில்லை.

சனிக்கிழமை அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அன்றைக்கு மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல் நானே செபமாலையை முன்னின்று கத்தினேன். அவள் என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது முகம் கழுவி விட்டது போல இருந்தது.

மறுநாள் தங்கை வெள்ளைக் கவுனில் கிராதியில் முழந்தாளிட்டாள். இந்தப் பக்கம் நைனா, அந்தப் பக்கம் அம்மா. பின்வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு மீன்கார அக்காவும் அவள் ஆறு பிள்ளைகளும். நன்மை வாங்கிவிட்டு இடத்துக்குத் திரும்பும்போது தங்கை அம்மாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு செபம் செய்ய வேண்டிய நேரம். நான் முறைத்தேன், அப்புறம் நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டில் விருந்து. சந்திலிருந்து இருபது பேர் சாப்பிட்டார்கள். எல்லாரும் போன பிறகு முற்றத்தில் பாத்திரம் மலையாகக் குவிந்து கிடந்தது. இப்போது அபராதமும் இல்லை, காவலும் இல்லை. அம்மா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் முந்தானையைச் செருகினாள். சரி, பழைய குருடி கதவைத் திறடி என்று எனக்கு மனசு விழுந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு செருகிய முந்தானையை எடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னாங்க."

நாற்காலியில் இருந்த நைனா பேப்பரை விலக்கினார்.

"கண்ணு சொருவிகினு வருது. செத்த நேரம் தூங்கட்டா?"

நைனா எழுந்தார். அவள் உட்கார்ந்து, சாய்ந்து, கால் நீட்டிக்கொள்கிறவரைக்கும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு மணைப்பலகையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டு, நேராக உட்கார்ந்தார்.

"தூங்கும்மே" என்றார். "நான் முயிச்சிகினுதான் கீறேன்."

அன்றைக்கு அம்மா விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தூங்கினாள். நைனா சுவரில்கூடச் சாயவில்லை.